சுரங்கத்தோடு நின்றுபோன சாலை

சாலை போடுவதாகச் சொல்லிப் போடாமல் விடுவது எல்லா நாட்டு அரசாங்கங்களும் செய்கிற காரியம்தான். ஆனால், போடாத ஒரு சாலைக்காக ஒரு கூட்டரசு 52 மில்லியன் டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்த வரலாறு அபூர்வமானது. அது அமெரிக்காவில் நடந்தது.

வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் ஓரத்தில், ஸ்வெய்ன் என்ற சிறிய மாவட்டம் இருக்கிறது. மலையும் காடும் ஓடையும் நிறைந்த இடம். அங்கே குடியிருந்தவர்கள் நாலைந்து தலைமுறையாக ஒரே பள்ளத்தாக்கில் உழுது, ஒரே தேவாலயத்தில் தொழுது, அதன் பக்கத்திலேயே புதைக்கப்பட்டவர்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. விமானம் செய்ய அலுமினியம் தேவை. அலுமினியம் உருக்க மின்சாரம் தேவை. 1942-ஆம் ஆண்டு தொடக்கத்தில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே ஃபோன்டானா அணையைக் கட்டத் தொடங்கியது. 480 அடி உயரம். இரவு பகலாக வேலை நடந்து, 1944 நவம்பரில் நீர் தேக்கப்பட்டது. அணைத் திட்டத்துக்காக 1,300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர்ந்தன.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஏரியின் வட கரையில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கவே இல்லை. மூழ்கியது அந்த ஊர்களுக்குப் போகும் சாலை. அதற்குப் பதிலாக வேறு சாலை போடச் செலவு அதிகம், போர்க் காலத்தில் ஆளும் கிடையாது, பொருளும் கிடையாது. ஆகவே, நிலத்தையே வாங்கிக்கொண்டு மக்களை அனுப்பிவிடுவது மலிவு என்று ஆணையம் முடிவு செய்தது. நிலத்தைக் கொடுக்க மறுத்த ஆறு பேரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1946-இல் தீர்ப்பு ஆணையத்தின் பக்கம் விழுந்தது.

அப்படிப் பெற்ற 44,000 ஏக்கர் நிலம் தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. 1943 ஜூலையில் உள்துறை அமைச்சு, ஆணையம், மாநில அரசு, ஸ்வெய்ன் மாவட்டம் ஆகிய நான்கு தரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. போர் முடிந்ததும் வட கரையோரமாகப் புதிய சாலை ஒன்றைக் கூட்டரசு கட்டித் தரும் என்பது அதன் சாரம். மலையும் ஏரியும் கண்ணுக்கு விருந்தாக அமையும் சாலை. சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், மாவட்டம் பிழைக்கும், பிரிந்து போனவர்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளுக்கு வந்து போவார்கள். எல்லாம் நல்ல பேச்சுத்தான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சிறு சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கான பணத்தைக் காங்கிரஸ் ஒதுக்கினால் கட்டப்படும்! ஒப்பந்தம் படிக்கிறவர்கள் இந்த மாதிரி இடத்தில்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

போர் முடிந்தது. அணைப்பக்கத்தில் ஒரு துண்டுச் சாலை போடப்பட்டது. 1950-களின் இறுதியில், மாநில அரசு பிரைசன் சிட்டி நகரிலிருந்து பூங்கா எல்லை வரை சாலை கொண்டுவந்தது. அதன் பிறகு 1960-களில் பூங்காத்துறை உள்ளே சுமார் பத்து கிலோமீட்டர் போட்டது. மலையைக் குடைந்து சுமார் 1,200 அடி நீளத்தில் ஒரு சுரங்கமும் தோண்டியது. 1970-களின் தொடக்கத்தில் வேலை நின்றது. சுரங்கத்தின் மறுபுறம் வெளியே வந்தால் காடு. இன்றைக்கும் அப்படித்தான். வண்டி போகாது, நடந்து போகலாம்.

ஏன் நின்றது? பணம் ஒரு காரணம். பாறை இன்னொரு காரணம். அங்குள்ள அனகீஸ்டா வகைப் பாறையில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருக்கிறது. வெட்டிப் போட்டால் காற்றும் மழையும் பட்டு அமிலம் ஊறும். அது ஓடையில் கலந்தால் மீன் சாகும். அதே பூங்காவில் வேறொரு சாலை வேலையின்போது இது கண்கூடாகத் தெரிந்திருந்தது. இதற்கிடையே அந்த 44,000 ஏக்கரிலும் காடு மீண்டும் அடர்ந்து வளர்ந்துவிட்டது. அதைச் சாலையால் பிளக்கக் கூடாது என்று இயற்கை ஆர்வலர்கள் வாதாடினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இந்த வழக்கின் சங்கடம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஊர் மக்கள் ஒரு பலகை வைத்தார்கள். எங்கும் போகாத சாலைக்கு நல்வரவு, மீறப்பட்ட வாக்குறுதி என்று அதில் எழுதியிருந்தது. பல ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. ஊரும் ஒரே குரலில் பேசவில்லை. சாலைதான் வேண்டும், பணம் வாங்கினால் முன்னோரை விற்றதாகும் என்றது ஒரு பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பணமில்லாத மாவட்டம் எத்தனை காலம் காத்திருக்கும் என்றது மறுபக்கம். மாவட்ட நிலத்தின் பெரும்பகுதி கூட்டரசிடம் இருப்பதால் சொத்து வரி வருமானம் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2000-ஆம் ஆண்டில், சார்ல்ஸ் டெய்லர் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் முயற்சியால் 16 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. ஆய்வு நடந்தது. மிச்சச் சாலையை முடிக்க ஏறக்குறைய 600 மில்லியன் டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது! 2006 தேர்தலில் டெய்லர் தோற்றார். அவரை வென்ற ஹீத் ஷூலர் பிரைசன் சிட்டியில் வளர்ந்தவர், பணமாகத் தீர்த்துக்கொள்வதை ஆதரித்தவர். 2007 இறுதியில் பூங்காத்துறையும் அதே முடிவுக்கு வந்தது. 2010 பிப்ரவரி 6-ஆம் நாள் 52 மில்லியன் டாலர் இழப்பீட்டு உடன்பாடு கையெழுத்தானது.

முதலில் வந்தது 12.8 மில்லியன். மீதி இழுத்தடித்தது. 2016-இல் மாவட்டம் வழக்குப் போட்டது. 2018-இல்தான் பாக்கி முழுவதும் கைக்கு வந்தது. முதலைத் தொடாமல் வட்டியை மட்டுமே மாவட்டம் செலவிடலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். முதலில் கைவைக்க வேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். அனுபவம் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை.

கல்லறைகள் என்னவாயின? வட கரைக் காட்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் சிதறிக் கிடக்கின்றன. வாரிசுகள் போராடிக் கேட்டதன் பேரில், 1978-ஆம் ஆண்டு தொடங்கிப் பூங்காத்துறை குறிப்பிட்ட நாட்களில் அவர்களைப் படகில் ஏற்றி ஏரியைக் கடக்க வைக்கிறது. இறங்கிய பிறகு, பழைய காட்டுப் பாதையில் வண்டியிலோ நடந்தோ மேட்டுக்குப் போக வேண்டும். வயதானவர்கள் கைத்தடியோடு ஏறுகிறார்கள். மண்ணைக் கூட்டி, மேட்டைச் சரிசெய்து, பூ வைத்து, பாடித் தொழுகிறார்கள். கட்டி எடுத்துப்போன சோற்றைப் பகிர்ந்து உண்ட பின்பு, மாலைப் படகுக்கு இறங்கி வருகிறார்கள்.