முந்தினோரும் பிந்தினோரும்

ஓடுவோர் பலர், வெல்வோர் ஒருவர். ஓட்டப்பந்தயம் என்றதும் நம் உள்ளத்தில் எழும் காட்சி இதுவே. ஆயின், எவரும் வெல்லாத ஓட்டம் ஒன்றும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் சிற்றூர்களிலே, விடுமுறை நாட்களில் அதனை இன்றும் காணலாம்.

ஊர்த் தவறணையின் முற்றத்திலே இருபது முப்பது பேர் கூடுகின்றனர். தவறணை என்றதும் நேயர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. அந்நாட்டுச் சிற்றூர்களில் அது குடிப்பதற்கு மட்டும் உரிய இடமன்று. ஊரவர் கூடிப் பேசும் பொது மண்டபமும் அதுவே. வந்தவருள் இளைஞரும் உளர். எழுபதைக் கடந்தவரும் உளர். ஓடுவோர் ஓடுவர், இயலாதோர் நடப்பர். இக்கூட்டத்தார்க்கு ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்று பெயர். ஹாரியர் என்பது முயலை மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டைநாய்.

இவர்களுள் ஒருவரோ இருவரோ 'முயல்' ஆவர். ஏனையோர்க்கு முன்னரே புறப்பட்டு, வயல், காடு, ஓடைக்கரை எங்கும் கோதுமை மாவைப் பிடிபிடியாக இட்டுச் செல்வது அவர் பணி. முற்காலத்தில் கிழித்த கடதாசியைத் தூவினர். மாவோ மழையிற் கரைந்து மறைந்துவிடும். 'நாய்கள்' ஆகிய மற்றவர் அத்தடத்தைப் பின்பற்றுவர்.

தடம் நேரே சென்றால் விரைவானவரே என்றும் முன்னிற்பர். ஆதலால் ஆங்காங்கே மாவினால் ஒரு வட்டம் இடப்படும். அவ்விடத்திலே தடம் அறுந்துவிடும். முன்னே வந்தவர் நாற்றிசையும் ஓடித் தேடுவர். ஒரு பாதையிலே சிறிது தூரம் மா தெரியும். பின்னர், பொய்த்தடம் என்பதற்கான குறி நிற்கும். ஓடியவர் திரும்பி வருவர். அதற்குள் பிந்தியவரும் வட்டத்தை அடைந்துவிடுவர். உண்மைத் தடத்தைக் கண்டவர் 'ஒன் ஒன்' என்று கூவ, அனைவரும் ஒன்றாய்ப் புறப்படுவர். முந்தியவரையும் பிந்தியவரையும் ஏறத்தாழ ஒரே வேளையில் தவறணைக்கு மீட்டுக் கொணர்பவரே சிறந்த முயல் எனப் பாராட்டப்படுவர்.

இவ்விளையாட்டின் வேர் ஆங்கிலேயப் பாடசாலைகளில் உள்ளது. 1868 இல் இலண்டனிலே தேம்ஸ் முயல் வேட்டைநாய்க் கழகம் தோன்றிற்று. எனினும், இன்றைய உருவம் பெற்றது மலாயாவிலே. 1938 இல் கோலாலம்பூரில் ஜிஸ்பேட் என்னும் கணக்காளரும் நண்பர்களும் இதனைத் தொடங்கினர். அவர்கள் உணவருந்திய விடுதியின் சுவையற்ற உணவை எள்ளி இட்ட பெயரே 'ஹாஷ் ஹவுஸ்'. ஜிஸ்பேட் 1942 பெப்ரவரியில், சிங்கப்பூரைக் காக்கும் போரில் உயிர்துறந்தார். தாம் தொடங்கிய கழகம் கடல் கடந்து செல்வதை அவர் காணவில்லை. எஞ்சிய நண்பர்கள் 1946 இல் ஓட்டத்தை மீண்டும் தொடங்கினர். 1950 இல் கழகத்தைப் பதிவு செய்தபோது, முதியோர் தாம் நினைக்குமளவு முதியோரல்லர் என அவர்க்கு உணர்த்துவதையும் ஒரு நோக்கமாக எழுதிவைத்தனர். இன்று இலங்கை உட்படப் பல நாடுகளில் இத்தகைய கழகங்கள் உள.

இங்கிலாந்திலே இவ்வுலாவுக்குத் துணைநிற்பது பிறிதொன்றும் உண்டு. கமக்காரரின் சொந்த நிலத்தினூடாகவும் பொதுமக்கள் நடக்கும் உரிமையுடைய ஒற்றையடிப் பாதைகள் அங்கு மிகப் பல. 1949 இல் இயற்றப்பட்ட சட்டம் அவற்றை வரைபடத்திற் பதிந்து காக்க வழிசெய்தது. கதவுகளைக் கண்டவாறே விட்டுச் செல்லுதலும், பயிரை மிதியாமையும், கால்நடைகளை வெருட்டாமையும் நடப்போர் கடன்.

ஓட்டம் முடிந்தபின் வட்டமாக நின்று, ஒருவரையொருவர் கேலி செய்து மகிழ்வர். 'தண்டனை'யாகப் பியர் அருந்துவிப்பதும் வழக்கம்; குடியாதார்க்கு வேறு பானம் உண்டு. குடியை நாம் போற்ற வேண்டியதில்லை. போற்றத்தக்கது அந்த மாவட்டமே.

என்றும் கடைசியாய் வருபவன், தன் வரவை நோக்க எவருமில்லை என்று கண்டால், ஒருநாள் வாராமலே நின்றுவிடுவான். வகுப்பறையிலும் தொழிற்களத்திலும் இவ்வாறு ஓசையின்றி நின்றுவிட்டோர் பலர். முந்தினோரின் காலைக் கட்டாமலே பிந்தினோரையும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு என்பதை, ஒரு பிடி மாவினால் இவ்விளையாட்டு காட்டிவிடுகின்றது.