இருதய மருந்துகளும் அவசர உதவியாளரும்

வாய்பேச இயலாது கிடக்கும் நோயாளிக்காக அவருடைய சட்டைப்பையிலுள்ள குளிசைகள் பேசும். அவற்றின் பெயரும் பயனும் அறிந்தவர்க்கு, அவை நோயின் வரலாற்றைச் சொல்லும். வரக்கூடிய ஆபத்தையும் முன்னறிவிக்கும். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கும் வழக்கம் இன்று இலங்கையெங்கும் பரவியுள்ளது. அந்த வண்டியில் வருவோர் மட்டுமன்றி, அது வரும்வரை நோயாளியின் அருகே காத்திருப்போரும் சில மருந்துகளைப் பற்றி அறிந்திருத்தல் நலம்.

முதலில் நினைவிற் கொள்ளத்தக்கவை குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகள். 1920களில் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும், பழுதடைந்த ‘சுவீற் குளோவர்’ என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள், சிறு காயத்தாலும் குருதி நில்லாது பெருகி மாண்டன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்னும் அறிஞரின் ஆய்வுகூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிநஞ்சாக வெளிவந்து, 1954இல் மனிதர்க்குரிய மருந்தாயிற்று. செயற்கை இருதய வால்வு பொருத்தப்பெற்றோரும், ஒழுங்கற்ற இருதயத் துடிப்புடையோரும், கால் நாளங்களிற் குருதி கட்டியானோரும் இதனை உட்கொள்கின்றனர். அண்மைக்காலத்தில் வந்த அபிக்சபான், ரிவரொக்சபான், டபிகற்றான் என்பனவும் இதே நோக்கத்திற்கே அளிக்கப்படுகின்றன.

இம்மருந்துகளை உட்கொள்ளும் முதியவர் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையை அடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுந்து நடக்கிறார், தெளிவாகவும் பேசுகிறார். ஆயினும் அவரை வீட்டில் வைத்திருத்தல் தகாது. மண்டையோட்டினுள் மெல்லக் கசியும் குருதி, பல மணிநேரத்தின் பின்னரே தன் கொடுமையைக் காட்டுதல் கூடும். எந்த மருந்து, கடைசியாக எத்தனை மணிக்கு உட்கொள்ளப்பட்டது என்னும் இரண்டு செய்திகளும் வைத்தியருக்கு மிகவும் வேண்டியவை.

அஸ்பிரினும் குளோபிடோகிரலும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. மாரடைப்பு என ஐயுறும் வேளையில் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வது மருத்துவ வழக்கம். 17,000க்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பெற்று 1988இல் வெளியான ஆய்வொன்று, அஸ்பிரின் மாரடைப்பு மரணங்களை ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைத்ததெனக் காட்டியது. எனினும், அஸ்பிரின் ஒவ்வாதவருக்கும் குருதி கசியும் நிலையிலுள்ளவருக்கும் இது ஆகாது. டெங்குக் காய்ச்சல் பரவும் நம் நாட்டில், காய்ச்சலைத் தணிக்க அஸ்பிரினை விழுங்குதல் பேராபத்து என்பதையும் மறத்தலாகாது.

நெஞ்சுநோவுக்கு நாக்கின்கீழ் வைக்கப்படும் நைத்திரோகிளிசரின் குளிசை குருதிக் குழாய்களை விரியச் செய்வது. அதனாற் குருதி அமுக்கம் தாழும். ஆகவே நோயாளியை இருத்திவிட்டே அதனைக் கொடுத்தல் வேண்டும். நின்றபடி வைத்தவர் மயங்கி விழக்கூடும். ஆண்மைக் குறைவுக்கென வழங்கும் சில்டெனாபிலை முந்திய 24 மணிநேரத்துள் உட்கொண்டவருக்கு இதனைக் கொடுத்தால், குருதி அமுக்கம் உயிராபத்து நேரும் அளவுக்கு வீழ்தல் கூடும். தடாலாபில் என்பதற்கோ அவ்விடைவெளி 48 மணிநேரமாகும். உறவினர் சூழ நிற்கையில் இதனைச் சொல்ல எவரும் நாணுவர். எனவே, மற்றவரை அப்புறப்படுத்தி, தாழ்ந்த குரலில், குற்றங்காணும் தொனியின்றிக் கேட்பதே உதவியாளருக்கு அழகு. நாணத்தால் மறைத்த ஒரு சொல் உயிரை வாங்கிவிடலாம்.

அற்றெனலோல், பிசோபுரலோல், புறொப்பிரனலோல் என்பன இருதயத் துடிப்பை மெதுவாக்குபவை. குருதியை இழந்த ஒருவரின் நாடி பொதுவாக விரைந்து துடிக்கும். ஆனால், இம்மருந்துகளை உட்கொள்பவரின் நாடி 70 அளவிலேயே நின்று, காண்பவரை ஏமாற்றும். அவ்வேளையில் நாடியை மட்டும் நம்பாது, வெளிறிய முகத்தையும் குளிர்ந்த வியர்வையையும் தடுமாறும் அறிவையும் நோக்குதல் வேண்டும். நீரிழிவு நோயாளியிடத்துச் சீனி குறையும்போது தோன்றும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைத்துவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் எஞ்சிநின்று எச்சரிக்கும்.

டிஜொக்சின் என்பது மிகப் பழைய மருந்து மரபைச் சேர்ந்தது. ‘பொக்ஸ்குளோவ்’ செடியின் இலையால் விளையும் பயனை வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் 1785இல் நூலாக வெளியிட்டார். நன்மை செய்யும் அளவுக்கும் தீமை செய்யும் அளவுக்கும் இம்மருந்திலே இடைவெளி சிறிது. குமட்டல், தளர்ந்த நாடி, பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதல் ஆகியன மிகையின் அறிகுறிகள்.

இவ்வறிவு பயன்பட வேண்டுமாயின், ஒவ்வொரு வீடும் சிறு ஒழுங்கு ஒன்றை மேற்கொள்ளல் வேண்டும். ‘காலையில் ஒரு வெள்ளைக் குளிசை, இரவில் ஒரு சிவப்புக் குளிசை’ என்று சொல்வதனால் எவர்க்கும் எதுவும் விளங்காது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் வருவதனால், உறையிற் சிறிய எழுத்திலுள்ள மருந்தின் இயற்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, கிளினிக் புத்தகத்துடன் யாவரும் அறிந்த ஓரிடத்தில் வைத்தல் நன்று. நோயாளியை ஏற்றிச் செல்லும்போது மருந்துப் பையும் அவருடன் செல்லட்டும். நள்ளிரவில் கதவைத் தட்டும் உதவியாளர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்றுக்கு அந்தத் தாளே விடையாக அமையும்.