விலையும் மதிப்பும்

ஒரு வீட்டைக் காட்டி, "இதன் விலை என்ன?" என்று கேட்டால் விடை சொல்லப் பலர் இருப்பார்கள். "ஏன் அந்த விலை?" என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். அந்த இரண்டாம் கேள்விக்கு விடை எழுதுவதே மதிப்பீட்டாளரின் தொழில். கட்டடப் பொறியாளனாகப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பின், நாற்பதாம் வயதில் நான் அத்தொழிலில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். மாணவ நண்பர்களே, அந்தத் தொடக்க நாட்களில் நான் செய்த பிழை ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வீடு கட்டத் தெரிந்தவனுக்கு வீட்டை மதிப்பிடத் தெரியாதா என்ற செருக்கோடுதான் நான் சென்றேன். எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர், அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். முதல் மாதம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதே என் வேலை. மாலை வேளைகளில் ஆவணங்களைப் படிக்கச் சொல்வார். பட்டா யார் பெயரில் இருக்கிறது? வில்லங்கச் சான்றில் அடைமானம் ஏதேனும் தெரிகிறதா? பத்திரம் கூறும் நான்கு எல்லைகளும் நிலத்தில் இருக்கின்றனவா? சென்னையில் மனையைக் கிரவுண்டுக் கணக்கில் பேசுவார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பிற ஊர்களில் சென்ட் கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஓர் ஏக்கர். பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கு உரியது என்பதையும், சந்தை மதிப்பு அதனினும் வேறாக இருக்கலாம் என்பதையும் அப்போதுதான் தெளிவாக அறிந்தேன்.

ஆறாம் மாதம் ஒரு சிறிய வீட்டை நானே மதிப்பிட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற எழுத்தர். மகளின் படிப்புக்காக வீட்டை அடைமானம் வைத்து வங்கியில் கடன் கேட்டிருந்தார். "தம்பி, நீங்கள் பார்த்து எழுதினால் என் பெண் படித்துவிடுவாள்" என்றார். அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது.

மனை 1,200 சதுர அடி. அருகில் அண்மையில் விற்ற ஒரு மனையைக் கண்டு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் எனக் கொண்டேன். நிலத்துக்கு 24 இலட்சம். கட்டடம் 800 சதுர அடி. இன்று புதிதாகக் கட்டினால் 14 இலட்சத்து 40 ஆயிரம் ஆகும். அறுபதாண்டு ஆயுளில் முப்பதாண்டு கழிந்திருந்தது. இறுதியில் எஞ்சும் பொருள்களுக்குப் பத்து விழுக்காடு வைத்து, தேய்மானம் 45 விழுக்காடு கழித்தேன். 7 இலட்சத்து 92 ஆயிரம் நின்றது. ஆக மொத்தம் 31 இலட்சத்து 92 ஆயிரம்.

பெரியவர் தாளைப் பார்த்தார். "வீடு எங்கே இருக்கிறது?" என்றார். "சந்தில்" என்றேன். "லாரி நுழையுமா?" "நுழையாது." "நீ ஒப்பிட்ட மனை?" "நாற்பதடிச் சாலையில்" என்று சொல்லும்போதே என் குரல் தாழ்ந்துவிட்டது.

அவர் சினக்கவில்லை. அதே சந்தில் நடந்த விற்பனைகளைத் தேடி வரச் சொன்னார். இரண்டு கிடைத்தன, ஒன்று 1,350 ரூபாய், மற்றொன்று 1,450. சதுர அடிக்கு 1,400 எனக் கொண்டால் நிலத்தின் மதிப்பு 16 இலட்சத்து 80 ஆயிரமே. மொத்தத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரம் குறைந்தது.

"நீ இரக்கத்தால் கூட்டிய தொகையை நம்பி வங்கி கொடுப்பதும் அவருக்குக் கடன்தான். கட்ட முடியாமற் போனால் வீடு ஏலத்துக்கு வரும். ஏலம் கேட்பவன் உன் இரக்கத்துக்கு விலை கொடுக்கமாட்டான்" என்றார் பெரியவர்.

சில நாட்களுக்குப் பின் வீட்டுக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சந்தில் நடந்த விற்பனைகளை நான் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "விற்றவர்களை நானும் அறிவேன், கணக்குச் சரிதான்" என்று சொல்லி எழுந்தார். மீதிப் பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு அன்று இல்லை. இன்றும் அந்தச் சந்து வழியே செல்லும்போது என் நடை சற்றுத் தளரும். ஆயினும் எழுதிய எண்ணை மாற்ற வேண்டும் என்று தோன்றியதில்லை.

நிறுமச் சட்டத்தின்கீழ் 2017ஆம் ஆண்டில் வந்த விதிகளின்படி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளராவதற்குத் தகுதியும் அனுபவமும் வேண்டும். பயிற்சி பெற்றுத் தேர்விலும் வெல்ல வேண்டும். நானும் அத்தேர்வை எழுதினேன். கேள்விகள் கடினமாகவே இருந்தன. ஆனால், "லாரி நுழையுமா?" என்ற கேள்வியைப் போல் எதுவும் என்னைத் திணற வைக்கவில்லை.

நண்பர்களே, நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், பிறர் நம்பிக் கைக்கொள்ளும் ஓர் எண்ணையோ சொல்லையோ ஒருநாள் எழுதிக் கொடுக்கத்தான் போகிறீர்கள். கையொப்பம் இடுமுன், அதற்குரிய காரணம் தாளில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். காரணம் உங்கள் மனத்தில் மட்டுமே இருந்தால், மீண்டும் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள்.