தீயை முன்னரே அறிவோம்
(மேற்கு மாம்பலத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி விழாவில் நாம் தீயைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். இதுவும் கல்வியே.

தீ என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவில் கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். அது விபத்தன்று, கொலை. அத்தகைய தீக்கு விடை நீதியே, பயிற்சியன்று. இன்று நாம் பேசுவது, தடுக்கவும் தப்பவும் கூடிய தீயைப் பற்றி.

ஓலைக் குடிசைகள் நெருங்கி நின்ற சென்னையில் கோடை வந்தாலே நம் மக்களின் நெஞ்சு பதறும். ஓர் அடுப்பின் பொறி ஒரு தெருவையே தின்றுவிடும். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. கான்கிரீட் வீடுகள் எழுந்தன. கூரை மாறிற்று, தீயோ வடிவை மாற்றிக்கொண்டது. இன்று அது எரிவாயு உருளையிலும், பழுதுற்ற மின்கம்பியிலும், துணி குவிந்த பல மாடிக் கடையிலும் ஒளிந்திருக்கிறது.

மாம்பலம் இரயில் நிலையத்திற்கு மேற்கே வாழும் நம் பிள்ளைகள், அதன் கிழக்கே ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் சாலைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் மாண்டனர். 2017 மே 31 விடியற்காலையில் உஸ்மான் சாலைத் துணிக்கடை ஒன்றில் பற்றிய தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. பின்னர் அக்கட்டடமே இடிக்கப்பட்டது. கடை திறந்து கூட்டம் நிறைந்திருந்த வேளையாக அது இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

கும்பகோணத்தை நாம் மறந்துவிடவில்லை. 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையலறைத் தீ ஓலைக் கூரைக்குத் தாவிற்று. 94 குழந்தைகள் கருகினர். பள்ளிகளின் ஓலைக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது அதற்குப் பின்னரே. நம் நாட்டில் பாதுகாப்பு, பிணங்களின் பின்னால் நடந்து வருகிறது. அது முன்னால் வர வேண்டாமா?

சுவரில் தொங்கும் சிவப்பு உருளையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதன் ஊசியை ஒரு முறையேனும் இழுத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நீச்சலை நூலில் படித்தவன் ஆற்றில் கரையேற மாட்டான். தீப் பாதுகாப்பும் அத்தகையதே. புகை சூழ்ந்த நேரத்தில் மூளை தடுமாறும். பழகிய கையும் காலுமே காக்கும். ஆனால் பழகுவதற்காக வீட்டைக் கொளுத்த இயலுமா?

இங்கேதான் மெய்ந்நிகர்க் காட்சி, அதாவது வர்ச்சுவல் ரியாலிட்டி, நமக்குத் துணையாகிறது. 1968இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை அமைத்துக் காட்டினார். அவருடைய கருவிக்குக் கூரையிலிருந்து தாங்கு வேண்டியிருந்தது. இன்றோ அது கண்ணாடி போல் முகத்தில் அமர்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. எண்ணெய்ச் சட்டி எரிகிறது. தண்ணீர் ஊற்றினால் தீ சீறி எழுகிறது. மூடியிட்டு அடுப்பை அணைத்தால் அடங்குகிறது. ஊசியை இழுத்து, குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராக்கி, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசப் பழகலாம். புகை மேலே திரள்வதையும், தரையோரத்தில் தவழ்ந்தால் வழி தெரிவதையும் காணலாம். மின்தூக்கியை நாடாமல் படிக்கட்டைத் தேடலாம். தவறு செய்தால் உயிர் போகாது, மீண்டும் தொடங்கலாம். விமானம் ஓட்டக் கற்போர் போலி விமானத்தில் முதலில் பழகுவதும் இதே முறையில்தான்.

இதன் குறையையும் மறைக்கலாகாது. இக்கருவியில் பொதுவாக வெப்பம் சுடாது, உருளையின் கனம் தெரியாது, சிலருக்குத் தலைசுற்றும். எனவே கருவியில் பழகியவர் உண்மையான உருளையையும் கையில் எடுத்துப் பழக வேண்டும். மேலும், பூட்டிய கதவை எந்தக் கருவியும் திறந்துவிடாது. படிக்கட்டில் மூட்டை அடுக்கும் முதலாளியிடம், "வழியை விடுங்கள்" என்று கேட்கும் துணிவும் இக்கல்வியின் பகுதியே.

புதிய அறிவு எதுவும் நம் வாசலுக்குக் கடைசியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. இம்முறை அப்படி ஆகலாகாது. பெரு நிறுவனங்களின் அலுவலர் பெறும் பயிற்சியை, அங்கே கூட்டிப் பெருக்கும் தாயும், கிடங்கில் மூட்டை தூக்கும் தம்பியும் பெற வேண்டும். ஒரு கருவியை வாங்கினால் ஒருவர்பின் ஒருவராக நம் குடியிருப்பு முழுவதும் பழகலாம். அணிந்து பார்ப்பதோடு நில்லாமல், அக்காட்சிகளை ஆக்கவும் நம் மாணவர் கற்க வேண்டும். நம் வீட்டுச் சமையலறை, நம் அடுக்ககப் படிக்கட்டு, நம் தமிழ் ஆகியவற்றைக் கொண்ட காட்சிகளை நாமே ஆக்குவோம். இத்துறைக்கென ஆய்வு நடக்கும் ஐ.ஐ.டி. நமக்குச் சில கல் தொலைவில்தான் உள்ளது. அதன் வாயிலைத் தட்டத் தயங்க வேண்டா.

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற வீரர் பலர் உயிரீந்தனர். அவர்கள் நினைவாக அந்நாள் தீயணைப்புப் பணி நாளாகவும் போற்றப்படுகிறது. இனி ஆண்டுதோறும் அந்நாளில் மாலையிட்ட கையோடு, நம் குடியிருப்பின் ஒவ்வொரு குடும்பமும் தீப்பயிற்சி பெறட்டும் என்று இவ்வெள்ளி விழாவில் உறுதி ஏற்போம். தீயை நாம் முதன்முதலாகச் சந்திக்கும் நாள், அது நம் வீட்டில் பற்றிய நாளாக இருக்கலாகாது.

கல்வி வளர்க! நம் மக்கள் வாழ்க!