மூச்சு வாங்கும்போது காத்திருக்கலாமா?



"மூச்சு வாங்குது" என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். செம்பனைக் குலையை வண்டியில் வைத்து மேட்டில் தள்ளியவருக்கு மூச்சு வாங்கும். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவருக்கும் வாங்கும். இவை இயல்பு. சற்று உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்தால், சில நிமிடங்களில் மூச்சு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்குகிற மூச்சு, படுத்தால் கூடுகிற மூச்சு, போன மாதம் ஏறிய மேட்டை இந்த மாதம் ஏறவிடாத மூச்சு ஆகியவை நோயின் அறிகுறிகள். எப்போது மருத்துவரிடம் போகவேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்து இரவில் ஒரு தாய் ஆசிரியர் குடியிருப்பின் கதவைத் தட்டினார். "சார், தம்பிக்கு மறுபடியும் இளைப்பு வந்திருச்சு. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். பையன் மூன்றாம் ஆண்டு மாணவன். நெஞ்சில் தைலம் தேய்த்து உட்கார வைத்திருந்தார்கள். விசில் ஊதுவதுபோல் நெஞ்சு இரைந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கியது. பையன் கண்ணை மூடினான். "சத்தம் நின்றுவிட்டதம்மா. தூங்கட்டும். காலையில் கிளினிக்குக்குப் போகலாம்" என்று சொன்னவர்கள் நாங்கள்தாம். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் நம்பினார்கள். பாட்டிதான் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, "பிள்ளை உதடு கறுத்துப்போச்சே!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் மருத்துவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. சத்தம் நின்றது சுகத்தினால் அல்ல. விசில் எழும்பும் அளவுக்குக்கூட நெஞ்சுக்குள் காற்று போகவில்லை. குளிர்பானம் உறிஞ்சும் குழாயை விரலால் பாதி நசுக்கி ஊதிப் பாருங்கள், சத்தம் வரும். முழுவதும் நசுக்கினால் சத்தமே வராது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் அப்படித்தான் சுருங்குகின்றன. சத்தம் அடங்கி, பிள்ளை தெளிவாகப் பேசி விளையாடினால் அது சுகம். சத்தம் அடங்கி, பிள்ளை சோர்ந்து துவண்டால் அது பேராபத்து.

இன்னொன்றும் அன்று தெரியவந்தது. கிளினிக்கில் கொடுத்த நீல நிற மருந்துக்குழல் அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது. "அடிச்சா பழக்கமாயிடும்" என்று யாரோ சொன்னதால் எடுக்கவில்லை. நேயர்களே, அது பழக்கப்படுத்தும் மருந்தன்று. சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும் மருந்து. ஒரு முறை அழுத்தி, நான்கைந்து தடவை மெதுவாக மூச்சு இழுக்கச் செய்யுங்கள். பிறகு அடுத்த முறை அழுத்தலாம். எத்தனை முறை என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடியும் தேவைப்பட்டால் மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். தினமும் அடிக்கச் சொல்லும் தடுப்பு மருந்து வேறு. இளைப்பு இல்லாத நாளிலும் அதை நிறுத்தக்கூடாது.

இளைப்பு எல்லாமே ஆஸ்துமா ஆகாது. படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு மூன்று தலையணை கேட்டு, காலும் வீங்கினால், இருதயம் பலவீனப்பட்டிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், மூச்சுத் திணறலும் குளிர்ந்த வியர்வையுமாக மாரடைப்பு வருவதுண்டு. கண்ணின் கீழ் இமை உட்புறம் வெளுத்து, நாலு படி ஏறினாலே இளைக்கும் தாய்மார்களுக்கு இரத்தச் சோகை இருக்கலாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டி, மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகக்கூடிய நோய் அது.

கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே தாய்மார்கள் எண்ணத் தெரிந்துகொள்ளவேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இருமலோ காய்ச்சலோ உள்ள குழந்தைக்கு எண்ணிக்கை இந்த அளவைத் தொட்டாலே நிமோனியா என்று சந்தேகித்து, அன்றே கிளினிக்குக்குக் கொண்டுபோகவேண்டும்.

இனி, விடியும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாமை. மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிதல். உதடும் நாக்கும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுதல். நம் தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது, நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். குழந்தை பால் குடிக்க முடியாமல் துவளுதல். நெஞ்சை அழுத்தும் வலி. குளவி கொட்டிய பிறகு முகம் வீங்கி மூச்சு அடைத்தல். புத்தி தடுமாறுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999 எண்ணை அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சில வீடுகளில் உண்டு. கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் ஆள் திணறினால், ஆளையே நம்புங்கள்.

அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எந்தச் சாலை, எத்தனையாவது கட்டை என்பதைச் சொல்லவேண்டும். ஒருவர் டார்ச் விளக்குடன் சாலைச் சந்திப்பில் நிற்கட்டும். நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். சற்று முன்சாய்ந்து உட்காரட்டும். சட்டைப் பித்தானைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். திணறும்போது வாயில் சோறோ கஷாயமோ ஊட்டக்கூடாது, புரையேறிவிடும். கொசுவர்த்திச் சுருளை உடனே அணையுங்கள். ஒரு சுருள் எரிந்து வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இளைப்பு உள்ள வீட்டில் கொசுவலையே நல்லது.

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்ற கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு 22 நாள். மருத்துவரின் எம்.சி. கடிதத்தை வாங்கி, 48 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இன்று இரவு இரண்டு காரியம் செய்யுங்கள். தூங்கும் பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். 999 என்ற எண்ணையும் உங்கள் வீட்டுக்கு வரும் வழியையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த வீட்டில் கதவு தட்டப்பட்டால், "காலையில் பார்க்கலாம்" என்று நாங்கள் சொன்னதுபோல் நீங்கள் சொல்லாதீர்கள்.