ஒரு டம்ளர் தண்ணீர்

(வானொலி மறையுரை)



ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகள், முதியோருக்கான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னா திருநாளும் அதே மாதம் 26-ஆம் தேதி வருகிறது. இந்த நாளில் வழக்கமாகப் பிள்ளைகளுக்குத்தான் புத்தி சொல்வோம். இன்று பெரியவர்களே, உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதல் வெள்ளிதோறும் நான் நற்கருணை கொண்டுபோகும் வீடுகளில் ஒரு வீடு. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒருநாள் உள்ளே நுழையும்போது கட்டிலருகே கஞ்சி கொட்டிக் கிடந்தது. "இந்தக் கிழட்டுக் கட்டைக்கு ஒரு தட்டைப் பிடிக்கக்கூடத் துப்பில்லை" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்த்தேன். வேறு யாருமில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு கட்டு வேறு.

உட்கார்ந்து பேச்சுக் கொடுத்ததில் காரியம் வெளியே வந்தது. (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, பயப்படாதீர்கள். வானொலியில் சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்தார்.) இரவில் கழிப்பறைக்குப் போக மருமகளை எழுப்ப வேண்டுமே என்று, சாயங்காலத்துக்குமேல் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. பகலிலும் குறைத்துக்கொண்டார். வெயில் காலம். தலைசுற்றி விழுந்ததும் அதனால்தான் என்று மருத்துவர் சொன்னாராம்.

"யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது சாமி" என்றார், ஏதோ ஒறுத்தல் முயற்சி செய்தவரைப்போல.

"பக்கத்து வீட்டுப் பாட்டி கையிலிருந்து தட்டு நழுவினால் இப்படித்தான் திட்டுவீர்களா?"

"ஐயோ, அவளை ஏன் சாமி திட்டணும்? பாவம், அவளுக்குக் கை நடுங்குது."

சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொன் போஸ்கோ தம் சபைக்குப் பெயர் எடுத்துக்கொண்டாரே, அந்தப் புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட பக்தி வாழ்வு பற்றிய நூலில், நம்மிடம் நாமே சாந்தமாக இருப்பதற்கென்று ஒரு தனி அதிகாரம் எழுதியிருக்கிறார். தன் குறையைக் கண்டு தன்மீதே சீறுவது தாழ்ச்சி அல்ல, அதன் வேர் தற்பெருமை என்கிறார். முதன்முதலில் படித்தபோது எனக்கே சுருக்கென்றது. நமக்கும் தளர்ச்சி வரும் என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கு உயிர்த்த ஆண்டவர் கரி நெருப்பில் மீன் சுட்டு, முதலில் சாப்பிடச் சொன்னார். பிறகுதான் அன்பைப் பற்றிக் கேட்டார். மறுதலித்ததைப் பேசவே இல்லை. முதுமையில் வேறொருவர் உனக்கு இடைக்கச்சை கட்டிவிடுவார் என்று சொன்னதும் அதே கரையில்தான். அது பேதுருவின் சாவைக் குறித்தது என்கிறார் நற்செய்தியாளர். ஆனாலும், பிறர் கையில் நம்மைக் கொடுப்பதும் ஆண்டவரைப் பின்செல்வதில் சேர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, செபத்திலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்களுக்கு 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண் இருக்கிறது.

அடுத்த முதல் வெள்ளி போனபோது கட்டிலருகே மூடி போட்ட டம்ளர் இருந்தது. "ராத்திரி ரெண்டு தடவை எழுப்பிட்டேன் சாமி" என்றார் பாட்டி. மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மூணு தடவை, சாமி" என்று சிரித்தார்.