தள்ளி வைக்க முடியாத வயசு

இந்த எபிசோடை ஏற்காட்டுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. இன்னைக்குப் பேசப்போறது நடக்காமலே போன ஒரு ஃபுட்பால் வேர்ல்ட் கப் பத்தி. அதுவும் நம்ம நாட்டுல நடந்திருக்க வேண்டியது.

2019 மார்ச்ல, பெண்களுக்கான அண்டர்-17 உலகக் கோப்பையை நடத்துற வாய்ப்பை ஃபிஃபா இந்தியாவுக்குக் கொடுத்தது. மொத்தம் 16 அணிகள். 2020 நவம்பர் 2-லேருந்து 21 வரைக்கும். கொல்கத்தா, குவாஹாத்தி, புவனேஸ்வர், அகமதாபாத், நவி மும்பைன்னு அஞ்சு ஊர். போட்டியை நடத்துற நாட்டுக்குத் தகுதிச்சுற்று கிடையாது, நேரா உள்ள போகலாம். அதுவரைக்கும் இந்தியப் பெண்கள் அணி எந்த வயசுப் பிரிவுலயும் உலகக் கோப்பை ஆடினதில்ல. அப்போ இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் கொரோனா. முதல்ல 2021 பிப்ரவரி 17-க்குத் தள்ளி வச்சாங்க. 2020 நவம்பர் 17 அன்னைக்கு மொத்தமா ரத்து. ஆப்ரிக்கா, தென் அமெரிக்காவுல தகுதிச்சுற்றே முடியல. தடுப்பூசியும் வரல. ரத்து பண்ணினது சரியான முடிவுதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. என் கேள்வி அதுக்கு அப்புறம் நடந்தது பத்தி.

ரத்துன்னு சொன்ன அதே அறிவிப்புல, 2022 போட்டியை இந்தியாவுக்கே தர்றோம்னு ஃபிஃபா சொன்னது. நிறைய பேர் ‘பரவாயில்ல, ரெண்டு வருஷம் லேட், அவ்வளவுதானே’ன்னு நினைச்சாங்க. இங்கதான் கணக்கைக் கொஞ்சம் கவனிக்கணும். 2020 போட்டிக்கு 2003 ஜனவரி 1-க்கு அப்புறம் பிறந்தவங்க ஆடலாம். 2022-க்கு அது 2005 ஜனவரி 1 ஆயிடுச்சு. அதாவது நாட்டுக்குப் போட்டி திரும்பக் கிடைச்சது, ஸ்டேடியத்துக்குக் கிடைச்சது, அதிகாரிகளுக்கும் ஸ்பான்சருக்கும் கிடைச்சது. 2003-லயும் 2004-லயும் பிறந்த பொண்ணுங்களுக்கு மட்டும் கிடைக்கல.

சரி, அவங்க அண்டர்-20 ஆடலாமேன்னு கேப்பீங்க. 2022 அண்டர்-20 உலகக் கோப்பைக்கான ஆசியப் போட்டியும் கொரோனாவால ரத்து. 2019 முடிவுகளை வச்சு ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியாவை அனுப்பிட்டாங்க. ரெண்டாவது கதவும் சாத்தியாச்சு.

2022 அக்டோபர்ல போட்டி நடந்தது. இந்தியா அமெரிக்காகிட்ட 0-8, மொராக்கோகிட்ட 0-3, பிரேசில்கிட்ட 0-5. ஒரு கோல்கூட இல்ல. 2020 டீம் ஆடியிருந்தா ஜெயிச்சிருக்கும்னு நான் சொல்ல வரல. அவங்களும் தோத்திருக்கலாம். ஆனா பிரேசில்கிட்ட தோக்கறதுக்கும் ஒரு வாய்ப்பு வேணும் இல்லையா? 2017-ல ஆண்கள் அண்டர்-17 உலகக் கோப்பை இங்க நடந்தப்போ நம்ம பசங்களும் மூணு மேட்சும் தோத்தாங்க. அதுல ஒரே ஒரு கோல் போட்ட ஜீக்சன் சிங் பின்னாடி சீனியர் இந்திய அணிக்கே ஆடினார்.

‘விதின்னா விதிதான், வயசுக்கு என்ன பண்ண முடியும்’னு சொல்றவங்களுக்கு ரெண்டு உதாரணம். ஒலிம்பிக் ஆண்கள் ஃபுட்பால் 23 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கானது. டோக்கியோ 2021-க்குத் தள்ளிப்போனப்போ, 1997-ல பிறந்தவங்களுக்கு 24 ஆகியும் ஆடலாம்னு விட்டுட்டாங்க. இன்னொண்ணு நம்ம ஊர்லயே. கொரோனாவால தேர்வுகள் தாமதமானதால, 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு வேலைக்கான வயது உச்சவரம்பை ரெண்டு வருஷம் கூட்டுறதா அறிவிச்சது. மனசு வச்சா கட்-ஆஃப் நகரும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நகர்த்த முடியாதுங்கறதும் உண்மைதான். 2022-லயும் 2003 பேட்ச்சையே ஆட விட்டா 19 வயசுக்காரங்க ஆடுவாங்க, அடுத்த பேட்ச்சோட இடம் போயிடும். ஆனா அந்தப் பழைய பேட்ச்சுக்குன்னு தனியா ஒரு சர்வதேசத் தொடர் நடத்தியிருக்கலாம்.

இதுல ஏற்காடு எங்க வருதுன்னு கேப்பீங்க. உலகக் கோப்பை ரத்தானா செய்தி வரும். கீழ்ப்படியில ரத்தானது எங்கயும் வராது. ஏற்காடு டவுன்ல, மான்ட்ஃபோர்ட் மாதிரி 1917-லேருந்து இருக்கற ரெசிடென்ஷியல் பள்ளியில பெரிய மைதானம் இருக்கு. டவுனைத் தாண்டி சேர்வராயன் மலைக்குள்ள போனா, மலையாளிப் பழங்குடி மக்களோட கிராமங்கள். சரிவுல காபியும் மிளகும் வளரும். பந்து உருண்டு ஓடாத சமதரை கிடைக்கறதே கஷ்டம். அங்கேருந்து ஒரு பொண்ணு மேல வரணும்னா, ஸ்கூல் டீம், குறுவட்டப் போட்டி, மாவட்டம், மாநிலம்னு ஒவ்வொரு படியா ஏறணும். மாவட்ட அளவுன்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போகணும். கூட வீட்டுல ஒருத்தர் வரணும். வர்றவங்களுக்கு அன்னைக்குக் கூலி போச்சு.

2020 மார்ச்ல மூடின பள்ளிக்கூடம், ஒண்ணுலேருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஆறாவது படிச்சிட்டிருந்த பொண்ணு திரும்பி வர்றப்போ எட்டாவது. நடுவுல குறுவட்டமும் இல்ல, மாவட்டமும் இல்ல. அந்த வயசுப் பிரிவுல அவளுக்கு இருந்த வருஷங்கள் அப்படியே கழிஞ்சு போச்சு.

விளையாட்டு நம்ம ஊர்ல வெறும் விளையாட்டு இல்ல. இன்ஜினியரிங் கவுன்சலிங் போனவங்களுக்குத் தெரியும், ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு 500 சீட் இருக்கு. சர்டிஃபிகேட் இருந்தாத்தான் அந்த லைன்ல நிக்கவே முடியும். அரசு வேலையிலயும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு. கடலூர் மாவட்டத்துலேருந்து வந்த இந்திய வீராங்கனை இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். 2020 லாக்டவுன்ல சென்னையில டியூட்டி பார்த்துட்டு இருந்தாங்க. ஒரு போட்டி ரத்தாகறப்போ இந்த மாதிரி ஒரு வேலையோட முதல் படியும் சேர்ந்து போகுது.

அதனால நான் கேக்கறது சின்ன விஷயம்தான். அடுத்த தடவை எந்தக் காரணத்துக்காக ஒரு சீசன் மொத்தமா போனாலும், ‘போட்டியை எப்போ நடத்தலாம்’னு கேக்கறதோட ‘இந்த வருஷம் யாரோட கடைசி வருஷம்’னும் கேக்கணும். அந்தப் பேர்களை ஒரு லிஸ்ட் எடுத்து, மாவட்ட அளவுலயாவது அவங்களுக்கு ஒரு வருஷம் சலுகை கொடுக்கணும். அந்த லிஸ்ட்டை எடுக்க ஒரு எக்செல் ஷீட் போதும்.

உங்க ஸ்கூல், காலேஜ்ல 2020, 2021-ல கடைசி சான்ஸை விட்டவங்க இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. கபடி, அத்லெடிக்ஸ், செஸ், எதுவா இருந்தாலும் சரி. அடுத்த எபிசோடுல போடறேன்.